வெற்றுச் சீட்டு

"ஜெபிச்சுப்போட்டுச் சொல்லுறன்." டென்மார்க்கில் வாழும் எங்கள் கிறிஸ்தவர்களிடம் இந்த வாக்கியத்தைக் கேட்காத வாரம் எனக்கு இல்லை. வீடு வாங்குவது, வேலை மாறுவது, பிள்ளையின் கலியாணம், ஊருக்குப் போக ரிக்கற் போடுவது, ஏன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யார் வீட்டில் சாப்பாடு என்பது வரைக்கும் அது நீளும். பல வேளைகளில் அது உண்மையான ஜெபத்துக்கான அவகாசம். சில வேளைகளில், விருப்பமில்லை என்பதை மற்றவர் மனம் நோகாமல் சொல்லும் வழி.

ஜெபித்தபின் வரும் பதிலுக்கும் தனியாக ஒரு மொழி உண்டு. கர்த்தர் வழி திறந்தார். கதவை அடைத்துப்போட்டார். உள்ளத்திலே சமாதானம் இல்லை. பாரம் தந்தார். இந்த மொழிக்குள் பிறந்து வளர்ந்தவன் நான். உடுவிலில், அமெரிக்க மிஷன் கோவில் மணி கேட்கும் தூரத்தில். புதுவருட ஆராதனையில் வாக்குத்தத்த வசனம் எழுதிய அட்டையைத் தட்டிலிருந்து எடுக்கும்போது கை நடுங்கிய பிள்ளைகளில் ஒருவன். ஆகவே கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. கடவுளைச் சார்ந்து வாழ்வது என்பது ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் உரியதல்ல, சந்தையிலும் சம்பளத்திலும் அது இருக்கவேண்டும் என்றே இன்னமும் நம்புகிறேன். என்னை நெருடுவது வேறொன்று. ஒரு முடிவைக் கடவுளின் கையில் விட்டேன் என்று சொல்லும்போது நான் எதை விடுகிறேன்? முடிவையா, முடிவுக்கான பொறுப்பையா?

இந்தக் கேள்வியை முழு ஊராகவே வாழ்ந்து பார்த்தவர்கள், நான் இருக்கும் இடத்திலிருந்து காரில் அரை மணித்தியாலம் சொச்சத் தூரத்தில் இருந்தார்கள்.

நான் இருப்பது பிரெடெரிசியாவில். மூன்றாம் பிரெடெரிக் மன்னர் 1650இல் யூலாந்தின் கிழக்குக் கரையில் நிறுவிய கோட்டை நகரம் இது. மண் அரண்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. மாலையில் அதன்மேல்தான் நடக்கப் போவேன். கோட்டை கட்டியாயிற்று, குடியிருக்க ஆட்கள் வரவில்லை. அதனால் நாட்டின் பெரும்பகுதியில் லூதரன் அல்லாதோர் பகிரங்கமாக வழிபட முடியாதிருந்த 17ஆம் நூற்றாண்டிலேயே இங்கே அந்தச் சுதந்திரம் கொடுக்கப்பட்டது. யூதர் வந்தார்கள், கத்தோலிக்கர் வந்தார்கள், 1720ஐ ஒட்டிப் பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்து அகதிகள் புகையிலைச் செய்கையோடு வந்தார்கள். எங்களுக்கு வெகு காலம் முன்பே அகதிகளைக் கண்ட ஊர். வந்து சேர்ந்த அந்தப் பிரெஞ்சுக்காரர், கர்த்தர் வழி திறந்தார் என்று தங்கள் மொழியில் சொல்லியிருக்கக்கூடும். அரசன் பக்கத்தில் இருந்தது வெறுங்காணியும் வரிக் கணக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

இங்கிருந்து தெற்கே, கோல்டிங்கைத் தாண்டிப் போனால் கிறிஸ்தியான்ஸ்ஃபெல்ட். 1773இல் மொரேவியச் சகோதரர்கள் கட்டிய சிற்றூர். 2015இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. எங்களவர்கள் அங்கே போவது தேன்கேக் வாங்க. கேக்கை வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிடாமல் ஆராதனை மண்டபத்துக்குள்ளும் ஒருதரம் போய்ப் பாருங்கள். பீடம் இல்லை, படங்கள் இல்லை. வெள்ளை வாங்குகளும் பலகைத் தரையில் தூவிய மணலும்தான். பின்னால் உள்ள கல்லறைத் தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரித் தட்டைக்கல். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். கணவனும் மனைவியும்கூடப் பிரிந்துதான் கிடக்கிறார்கள்.

இவர்களுக்கும் எங்கள் கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. தரங்கம்பாடி என்றதும் எல்லாருக்கும் 1706இல் வந்த சீகன்பால்கு நினைவுக்கு வருவார். மொரேவியர் அங்கே 1760இல் வந்தார்கள். ஊருக்கு வெளியே தோட்டம் ஒன்றை வாங்கி, கைத்தொழில் செய்து, தங்கள் உழைப்பில் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு டென்மார்க் கொடுத்த வேலை நிக்கோபார் தீவுகள். 1768 தொடக்கம் ஏறக்குறைய இருபது வருடம் அங்கே போராடி, காய்ச்சலுக்கு ஆளுக்கு மேல் ஆளைப் பறிகொடுத்து, அந்தப் பணியைக் கைவிட்டார்கள். 1803இல் தரங்கம்பாடியையும் விட்டுப் போய்விட்டார்கள்.

இந்தச் சகோதரர்களின் வாழ்க்கையில் நடுவிடத்தில் இருந்தது சீட்டு. 1727இல் ஹெர்ன்ஹூட் என்ற அவர்களுடைய ஜெர்மன் ஊரில் பன்னிரண்டு மூப்பர்களை ஆட்கள் தெரிந்தெடுத்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் நால்வரைத் தலைமைக்குச் சீட்டு எடுத்தது. அங்கிருந்து அது வளர்ந்தது. எங்கே கட்டுவது, யாரைச் சபையில் சேர்ப்பது, யாரைக் கடல் கடந்து அனுப்புவது, கடைசியில் யார் யாரைக் கலியாணம் செய்வது என்பது வரை சீட்டு பேசியது. ஒரு சகோதரன் பெண் கேட்டால் மூப்பர் அவை கூடி யோசிக்கும், ஜெபிக்கும், பிறகு சீட்டு எடுக்கும். வழக்கமாக மூன்று சீட்டுகள். ஒன்றில் 'ஆம்', ஒன்றில் 'இல்லை', மூன்றாவது வெறுமை. வெற்றுச் சீட்டு வந்தால், கேட்ட கேள்வி இப்போது கேட்கவேண்டியதல்ல, காத்திரு என்று பொருள். 'ஆம்' வந்தாலும் பெண் மறுக்கலாம். இதைப் பலர் கவனிப்பதில்லை.

எங்கள் இரண்டாம் தலைமுறைக்கு இது கேட்டவுடன் பயித்தியக்காரத்தனமாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. சீட்டுக்கு ஒரு நேர்மை இருக்கிறது: அதற்கு ஆளின் செல்வாக்குத் தெரியாது. சபையில் குரல் உயர்ந்த ஒருவர் எழுந்து 'கர்த்தர் என்னோடு பேசினார்' என்று சொல்லும்போது அதை மறுக்க யாருக்கும் வாய் வராது. கடுதாசித் துண்டு அப்படியல்ல. அது மூப்பருக்கும் 'இல்லை' சொல்லும். தன் விருப்பத்துக்குத் தானே கடவுளின் கையெழுத்தைப் போட்டுக்கொள்ளும் வசதியை அது மனிதரிடமிருந்து பறித்தது. எங்கள் வீட்டுக் கூட்டங்களில் இந்த அளவு தற்காப்புக்கூட இல்லை.

அதன் பலவீனம் வேறு இடத்தில். சீட்டு தானாகக் கேள்வி கேட்காது. 'இந்தச் சகோதரிக்கு இந்தச் சகோதரனா?' என்று கேட்டவர்கள் மூப்பர்கள். 'இந்தச் சகோதரிக்கு என்ன வேண்டும்?' என்ற கேள்வியைப் பையில் போட முடியாது. அதற்கு ஆமுமில்லை, இல்லையுமில்லை. 1818இல் அமெரிக்காவில் இருந்த சபைகள் கேட்டுக்கொண்டதால் கலியாணச் சீட்டு தளர்ந்தது. 1889இல் சீட்டு முற்றாக நின்றது. நம்பிக்கை செத்துத்தான் நின்றது என்று சொல்பவர் உண்டு. எனக்கென்னவோ, வயதுவந்த பிள்ளை தகப்பனின் கையை விட்டதுபோலத் தெரிகிறது.

எங்கள் ஆட்களுக்கும் இது புதிதல்ல. தமிழில் சீட்டெடுப்பதற்குப் பெயரே திருவுளச்சீட்டு. கடவுளின் உள்ளம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கோவிலில் பூக்கட்டிப் பார்க்கும் வழக்கத்தில், வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொட்டலமாக மடித்துச் சந்நிதியில் வைத்து, சின்னப்பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். முதலாம் பராந்தகனின் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் குடவோலை முறை இருக்கிறது; 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. அங்கேயும் குடத்துக்குள் கைவிடுவது ஒரு சிறுவன்தான். ஆனால் குடத்துக்குள் யாருடைய பெயர் போகலாம் என்பதற்கு நீண்ட சட்டம் இருக்கிறது: காணி வேண்டும், சொந்த மனை வேண்டும், வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்கவேண்டும், கணக்குக் காட்டாதவன் கூடாது. சல்லடை போட்டு அரித்தபிறகுதான் குடம் வருகிறது. (அந்தச் சல்லடையில் பெண்களும் காணி இல்லாதவர்களும் முழுதாகவே விழுந்துபோனார்கள் என்பதையும் சொல்லவேண்டும். கேள்வியை யார் எழுதுகிறார் என்பது அங்கேயும் வருகிறது.)

வேதாகமத்திலும் இதுதான் ஒழுங்கு. யூதாசின் இடத்துக்கு ஆள் தேடும்போது, யோவானின் ஞானஸ்நானம் முதல் கூடவே இருந்தவனாக வேண்டும் என்று பேதுரு முதலில் நிபந்தனை போடுகிறார். இரண்டு பேரை நிறுத்துகிறார்கள், ஜெபிக்கிறார்கள், சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுகிறது. இது அப்போஸ்தலர் நடபடிகளின் முதலாம் அதிகாரம். இரண்டாம் அதிகாரத்தில் பெந்தெகொஸ்தே வருகிறது. அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் முழுவதிலும் சபை சீட்டுப் போடவே இல்லை. 15ஆம் அதிகாரத்தில், புறஜாதியாரை எப்படிச் சேர்ப்பது என்ற மிகப் பெரிய கேள்வி எழும்போது எருசலேமில் கூடி வாதாடுகிறார்கள். முடிவைக் கடிதமாக எழுதும்போது ஆவியானவரையும் தங்களையும் ஒரே வாக்கியத்தில், முடிவெடுத்தவர்களாகச் சேர்த்து எழுதுகிறார்கள். அந்தத் துணிச்சலை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பு. 'கர்த்தர் சொன்னார்' என்று மட்டும் எழுதியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். 'நாங்களும்' என்று சேர்த்ததால் நாளைக்கு யாரும் வந்து அவர்களைக் கேள்வி கேட்கலாம்.

மொரேவியரிடம் நிறையக் கற்றுக்கொண்ட ஜோன் வெஸ்லியின் கதையும் இங்கே பொருந்தும். 1737 மார்ச்சில், ஜோர்ஜியாவின் சவானாவில், சோஃபி ஹொப்கி என்ற பெண்ணைக் கலியாணம் செய்வதா என்று அவர் சீட்டுப் போட்டார். மூன்று சீட்டுகள்: செய், இந்த வருடம் நினைக்காதே, இனி நினைக்கவே நினைக்காதே. மூன்றாவது வந்தது. அமைதியாக ஏற்றுக்கொண்டதாக அவரே நாட்குறிப்பில் எழுதினார். சில நாட்களில் அந்தப் பெண் வேறொருவரை மணந்தார். ஆகஸ்டில் வெஸ்லி, சபை ஒழுங்கைக் காரணம் காட்டி, அவருக்கு இராப்போசனம் கொடுக்க மறுத்தார். வழக்கு வந்தது; ஆண்டு முடிவதற்குள் வெஸ்லி அந்த நாட்டை விட்டே போனார். சீட்டு முடிவைக் கொடுத்துவிட்டது. முடிவெடுக்கும்போது ஆள் பட்டிருக்கவேண்டிய பாட்டை அது அவருக்குப் பதிலாகப் படவில்லை. அந்தப் பாடு ஐந்து மாதம் பிந்தி, பந்தியில் வந்து நின்றது.

டென்மார்க்கில் சீட்டு இன்றும் உயிரோடு இருக்கிறது. பதினெட்டு வயதான பையன்கள் பாதுகாப்புத் தினத்துக்குப் போய், மருத்துவப் பரிசோதனை முடிந்ததும் ஓர் இலக்கம் எடுக்கிறார்கள். சின்ன இலக்கம் வந்தால், ஆள் தேவைப்படும்போது படைச் சேவைக்குப் போகவேண்டும். பெரிய இலக்கம் வந்தால் விடுதலை. 2025 யூலைக்குப் பின் பதினெட்டு வயதாகும் பெண்பிள்ளைகளுக்கும் இது உண்டு. எங்களைப்போல யுத்தத்திலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டு வந்தவர்களுக்கு அந்த அழைப்புக் கடிதம் என்ன செய்யும் என்று டெனிஷ்காரருக்கு விளங்கப்படுத்த முடியாது. பிரெடெரிசியா படைமுகாம் உள்ள ஊர்; 1849இன் சண்டையை யூலை 6இல் வருடா வருடம் ஊர்வலமாகக் கொண்டாடும் ஊர். சீருடையைக் கண்டால் இங்கே பிள்ளைகள் கை அசைப்பார்கள். நாங்கள் வேலி பாய்ந்தவர்கள்.

என் மகன் இலக்கம் எடுக்கப் போன நாளில் மனைவி உபவாசம் இருந்தார். வந்தது இருபத்தையாயிரத்துக்கு மேலே. "பாத்தியோ, கர்த்தர் காப்பாத்திப்போட்டார்" என்றார் மனைவி.

"அம்மா, எனக்குப் பெரிய நம்பர் வந்தா வேறை ஒரு பெடியனுக்குச் சின்ன நம்பர் வரும்தானே. அவனுக்கு ஒருத்தரும் ஜெபிக்கேல்லையோ?"

"அவனுக்கு அவன்ரை அம்மா ஜெபிப்பா."

"அப்ப ரெண்டு அம்மாவும் ஜெபிச்சா?"

மனைவி கறிச்சட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அன்றைக்கு அதற்குமேல் பதில் இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஏனெனில் மகனின் கேள்வி எங்கள் எல்லாருடைய கதைக்கும் உரியது. ஒரே ஏஜென்சிக்குக் காசு கட்டி, ஒரே வாரத்தில் கிளம்பி, ஒருவன் கிழக்கு பேர்லினால் வந்து சேர்ந்தான். ஒருவன் வராமலே போனான். வந்தவன் சாட்சி சொல்கிறான். வராதவனின் தாய், அதே கோவிலில், அதே வாங்கில் இருந்து அதைக் கேட்கிறாள். நன்றி சொல்வதை நான் விடமாட்டேன். உயிரோடிருப்பவன் நன்றி சொல்லாமல் எப்படி இருப்பது? ஆனால் என் நன்றியை, அவன் ஏன் வரவில்லை என்பதற்கு விளக்கமாக நீட்டும் உரிமை எனக்கு இல்லை.

கீர்க்ககோர் என்ற டெனிஷ் சிந்தனையாளரின் தகப்பன் கொப்பன்ஹேகனில் மொரேவியரின் கூட்டங்களுக்குப் போய்வந்தவர். மகன் 1843இல் எழுதிய 'பயமும் நடுக்கமும்' ஆபிரகாமைப் பற்றியது. அதில் அவர் விடாமல் சுற்றிவருவது ஆபிரகாமின் மௌனத்தை: கடவுளிடம் கட்டளை பெற்றவன் சாராளிடம் சொல்லவில்லை, ஈசாக்கிடம் சொல்லவில்லை; சொல்லவும் முடியாது. எங்களில் கட்டளை பெற்றவர்கள் அன்று பின்னேரமே வட்ஸ்அப்பில் அறிவித்துவிடுகிறார்கள்.

இனி, முன்னே விட்டுவந்த இடத்துக்கு வருகிறேன்: கடவுளின் செயலும் மனிதரின் செயலும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் இடம். டென்மார்க்கில் தமிழர் கதையின் நடுவில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. நான் இந்த நாட்டுக்கு வருமுன் நடந்தது. இங்கே பிறந்த பிள்ளைகளில் பலருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அந்நாளைய சட்டப்படி, அகதியாக ஏற்கப்பட்டவருக்கு மனைவியையும் சின்னப் பிள்ளைகளையும் அழைப்பிக்கும் உரிமை இருந்தது. 1987இல் நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹன்சன், தமிழரின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்களைக் கவனிக்காமல் ஒதுக்கி வைக்கச் சொன்னார். இந்திய-இலங்கை ஒப்பந்தம் வந்துவிட்டது, அகதிகள் திரும்பிப் போகலாம் என்பது அப்போது இருந்த பேச்சு. அதே ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்பது இந்த இதழை வாசிப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 21ஆம் திகதி ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஆட்கள் சுடப்பட்டார்கள். கோப்புகள் கொப்பன்ஹேகனில் அடுக்கில் கிடந்தன.

அப்படி ஊரில் காத்திருந்த ஓர் அக்காவை நான் பின்னாளில் இங்கே அறிந்தேன். பங்கருக்குள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்ன நினைத்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "கர்த்தருடைய வேளை இன்னும் வரேல்லை எண்டுதான் தம்பி நினைச்சுக்கொண்டிருந்தம்" என்றார். கோவிலில் ஐயரும் அப்படித்தான் ஆறுதல் சொன்னாராம். எனக்கு மொரேவியரின் மூன்றாவது சீட்டு நினைவுக்கு வந்தது. இவர்கள் கையில் வெற்றுச் சீட்டு இருந்தது. காத்திரு என்று கடவுள் சொல்வதாக அதை வாசித்தார்கள். அது வெறுமையாக இருந்ததற்குக் காரணம் எழுதவேண்டியவர் எழுதாமல் விட்டது.

அந்தக் காத்திருப்பை உடைத்ததும் மனிதர்கள்தான். பாராளுமன்றக் குறைகேள் அதிகாரி விசாரித்தார். பத்திரிகைகள் விடவில்லை. 1989 ஏப்ரலில் பிரதமர் பவுல் ஷ்லூட்டர் பாராளுமன்றத்தில் எழுந்து, எதுவும் கம்பளத்துக்கு அடியில் கூட்டித் தள்ளப்படவில்லை என்றார். உயர்நீதிமன்ற நீதிபதி மோகன்ஸ் ஹொர்ன்ஸ்லெட்டின் விசாரணை அறிக்கை 1993 ஜனவரியில் வந்ததும் ஷ்லூட்டரின் அரசு பதவி விலகியது. 1995இல் அமைச்சர்களை விசாரிக்கும் அரச நீதிமன்றம் நின்-ஹன்சனுக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. டெனிஷ் வரலாற்றில் ஓர் அரசு எங்கள் பெயரால் விழுந்திருக்கிறது. அதை இன்றும் 'தமிழர் விவகாரம்' என்றுதான் சொல்கிறார்கள்.

இதிலிருந்து, அந்த அக்கா ஜெபித்தது வீண் என்று நான் சொல்லவில்லை. அந்த ஜெபம் அவரை நட்ட நடு யுத்தத்தில் நிமிர்த்தி வைத்திருந்தது. ஆனால் ஒரு மனிதர் எடுத்த முடிவின்மேல் கடவுளின் பெயரை ஒட்டிவிட்டால், அந்த மனிதரைத் தேடிப்பிடித்துக் கேட்கவேண்டும் என்ற எண்ணமே வராமல் போய்விடுகிறது. அமைச்சருக்கு அதைவிட வசதி என்ன இருக்கிறது? என்னைவிட நல்ல விசுவாசிகள் இதில் முரண்படுவார்கள். தாமதமும் அவர் கையில்தான் என்பார்கள். இருக்கலாம். விசாரணை நீதிபதியும் அவர் கையில்தான் என்று மட்டும் நான் சேர்த்துச் சொல்வேன்.

பெரிய விடயங்களில் இதை எழுதுவது சுலபம். வீட்டுக்குள் வரும்போதுதான் கால் தடுக்கும். என் அம்மாவுக்கு 86 வயது. அறுபது தாண்டிய பெற்றாரை அழைப்பிக்கச் சட்டம் இடம்கொடுத்த நாளில், 2002க்கு முன், வந்து சேர்ந்தவர். போன மாரிக்குள் குளியலறையில் இரண்டுதரம் விழுந்தார். நான் தொழிற்சாலையில் முறைவேலை. மனைவி முதியோர் பராமரிப்பு இல்லத்தில் உதவியாளர். பகலெல்லாம் மற்றவர்களின் தாய்மாரைக் குளிக்க வார்த்து, சாப்பாடு தீத்திவிட்டு வருகிறவர். எங்களுடைய தாய் பகலில் வீட்டில் தனியே. கொம்யூனில் இருந்து வந்து பார்த்தவர், பராமரிப்பு இல்லத்துக்கு எழுதிக் கொடுக்கலாம் என்றார். எங்கள் சனத்துக்குள் அதற்கு ஒரே பெயர்: தாயைக் கொண்டுபோய் விட்டுட்டினம்.

ஒரு மாதம் ஜெபித்தோம். ஓர் அடையாளம் கேட்டு, கிதியோன் தோலை விரித்ததுபோல, மனைவி இரவில் எழும்பியிருந்து மன்றாடியதையும் நான் கண்டேன். பிறகு எழுதிக் கொடுத்தோம். ஏழாவது வாரத்தில், இடம் இருக்கிறது என்று கடிதம் வந்தது. ஜெபக்கூட்டத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். "பாத்தீங்களே, கர்த்தர் கதவைத் திறந்திட்டார்" என்றார்கள். தகுதி பெற்றவருக்கு இரண்டு மாதத்துக்குள் இடம் கொடுக்கவேண்டும் என்பது 2009 முதல் இந்த நாட்டுச் சட்டம். கோவில் வாசலையே மிதிக்காத எத்தனையோ டெனிஷ்காரரின் வரிப்பணம் அந்தக் கதவில் இருக்கிறது. கர்த்தர் அந்தச் சட்டத்துக்குள் இல்லை என்று சொல்ல நான் யார்? ஆனால் நாங்கள் எழுதிக் கொடுத்திராவிட்டால் கடிதம் வந்திராது. கேள்வியை எழுதியவர்கள் நாங்கள்.

அம்மாவிடம் யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்று வந்தபோது, மனைவி மெல்லக் கேட்டார்: "கர்த்தர் வழி திறந்ததெண்டு சொல்லுவமே? மாமி ஏற்றுக்கொள்ளுவா."

ஏற்றுக்கொள்வார் என்பதுதான் எனக்குப் பயம். அம்மா தன் வாழ்நாளில் கடவுளோடு வாதாடியது கிடையாது. அப்பா போனபோதும், தங்கச்சி போனபோதும் தலையைக் குனிந்து 'அவர் சித்தம்' என்று மட்டும் சொன்னவர். அந்தப் பெயரைச் சொன்னால் அவரது வாய் மூடிவிடும். ஒரு பெட்டியில் நாலு சட்டையும் வேதாகமமும் வைத்துக்கொண்டு பேசாமல் காரில் ஏறிவிடுவார். எனக்கு எல்லாம் சுலபமாக முடிந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் தேத்தண்ணியோடு பக்கத்தில் போய் இருந்து, இரண்டு விழுகைகளையும் சொன்னேன், எங்கள் வேலை நேரங்களைச் சொன்னேன், இடத்தைச் சொன்னேன். அம்மா கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெபிச்சனீங்களோ?"

"ஓம் அம்மா. ஒரு மாதமா."

"கர்த்தர் என்னவாம்?"

"அவர் ஒண்டும் சொல்லேல்லை அம்மா. நானும் இவவும் யோசிச்சு எடுத்த முடிவு."

வெளியே கடற்பறவைகளின் சத்தம். அம்மா கோப்பையை மேசையில் வைத்தார்.

"அப்பச் சரி. உன்னோடை சண்டை பிடிக்கலாம்."

பிடித்தார். இரண்டு கிழமை. நான் பிறந்த நாளிலிருந்து செய்த எல்லாம் வந்தது. மனைவியின் சமையலும் வந்தது. மூன்றாம் கிழமை நிபந்தனைகள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை கோவிலால் நேரே வீட்டுக்குத்தான் கூட்டிவரவேண்டும். இரவு எட்டு மணிக்கு முன்னம் திருப்பிக் கொண்டுபோய் விடக்கூடாது. புதன்கிழமைகளில் மீன்குழம்பு வரவேண்டும், பெட்டியில் அவவின் பெயர் எழுதி. படுக்கைக்கு எதிரே வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க ஏலாது. உடுவில் கோவிலின் படம் ஒன்று மாட்டவேண்டும், சண்டைக்கு முந்தின படம், முன்னால் நிற்கும் வேப்பமரத்தோடு.

முதல் இரண்டும் ஒழுங்காகிவிட்டன. படத்தைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.